சதி என்றால் ஒரு கிழமை

1

ஸ்கான் மெசினுக்குள் போகிறவனின் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். உள்ளே இருக்க முடியாவிட்டால் அதை அமத்த வேண்டும். வெளியே மணி அடிக்கும், இழுத்து எடுப்பார்கள். முதல் முறை, என் தலை உள்ளே போவதற்கு முன்னமே நான் பந்தை அமத்திவிட்டேன். இரண்டாம் முறை அவ்வளவு மோசமில்லை. மூக்கு வரைக்கும் போனேன்.

மெல்பேணிலிருந்து நான் எழுதும் குறிப்புகளை வாசிக்கிற நீங்கள், வழக்கம்போலக் குளிரையும் பிந்தி வந்த ரயிலையும் எதிர்பார்த்திருப்பீர்கள். இதை நான் வெள்ளவத்தையில், அக்காவின் பிளாட்டில், சாரத்தோடு இருந்து எழுதுகிறேன். லீவுக்கு வந்தவன் அகப்பட்டுப் போனேன். சந்தையில் பாரைமீன் விலை கேட்டுக்கொண்டு நின்றபோது, அப்படியே சாய்ந்துவிட்டேனாம். விலையைக் கேட்டுத்தான் வெளிநாட்டுக்காரர் விழுந்தார் என்று மீன்காரன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு இப்போது அவன் விலை குறைத்துக் கொடுக்கிறானாம். குடும்பத்துக்கு என்னால் ஆன உதவி.

ஆஸ்பத்திரியில் முதலில் எடுத்த படத்தில், தலைக்குள் ஒரு சின்ன நிழல் தெரிந்தது. "எம்ஆர்ஐ எடுத்தாத்தான் அது என்னெண்டு சொல்லலாம். அதுவரைக்கும் பிளேன் ஏற வேண்டாம்" என்றார் டொக்டர். மயக்கி எடுக்கலாமே என்று கேட்டேன். மயக்க மருந்து டொக்டர் என் குறட்டையின் சரித்திரத்தைக் கேட்டார். நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற ஆளை மயக்கப் பயமாக இருக்கிறது என்றார். அவருக்கும் பயம், எனக்கும் பயம். பயப்படாதது அந்த நிழல் மட்டும்தான்.

ஆகவே முழுச் சுயநினைவோடு, முக்கால் மணித்தியாலம், அந்தக் குழாய்க்குள் ஆடாமல் கிடக்க வேண்டும். மெசினைப் பார்க்கிற சிங்களப் பிள்ளை இரண்டு முறையும் என் தோளைத் தட்டி, "ஹெலவென்ன எபா, அங்கிள்" என்றாள். அசையக்கூடாது. இரண்டு முறையும் அவளைத் தள்ளிவிட்டு, பின்பக்கம் திறந்த ஆஸ்பத்திரிக் கவுணோடு நான் ஓடியதை நடைபாதையில் இருந்த அவ்வளவு பேரும் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்த ஒருவன், கொழும்புக்கு இதைவிடத் திறந்த மனதோடு திரும்பி வந்திருக்க முடியாது.

சிரித்துவிட்டீர்கள் அல்லவா. நான் சிரிக்கவில்லை. வெளியே வந்து வாங்கில் இருந்தபோது பல் பல்லோடு அடித்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

2

பயண இன்சூரன்ஸ்காரருக்குப் போன் எடுத்தேன். மெல்பேணில் ஒரு பெண் குரல், மிகவும் அன்பான குரல். ஸ்கான் ஏன் இரண்டு முறை நின்றது என்று கேட்டாள். பயம் என்றேன்.

"இந்தப் பயம் எப்போது தொடங்கியது? பொலிசி எடுப்பதற்கு முன்னரா, பின்னரா?"

முன்னரே இருந்த நோய் வருத்தங்களுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், பாஸ்போட் எடுப்பதற்கும் முன்னர். ஐடென்டிக் காட் எடுத்த அன்றைக்கே இருந்தது. "தெரியவில்லை" என்றேன். தெரியவில்லை என்பதற்கும் அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. அதில் அடையாளம் போட்டுக்கொண்டாள்.

உங்களுக்குச் சொல்லலாம். நான் ஏ/எல் சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், அனெக்ஸ் ஒன்றில் குடியிருந்தோம். ஒரு நாள் விடியற்காலை ஆமியின் ரவுண்டப், சுற்றிவளைப்பு. ஒழுங்கையிலிருந்த தமிழ் ஆம்பிளைப் பிள்ளைகள் எல்லோரையும் லொறியில் ஏற்றிப் பின்பக்கக் கன்வஸ் திரையை இறக்கிவிட்டார்கள். உள்ளே ஒருவன் மேல் ஒருவன். முகம் தெரியாத ஒரு பொடியனின் முழங்கால் என் நெஞ்சில் ஏறிக் கிடந்தது. எடுக்கச் சொல்ல மூச்சு இல்லை, அவனுக்கு எடுத்து வைக்க இடமும் இல்லை. லொறி எங்கேயோ ஒரு பன்சலைக்குப் பக்கத்தில், புத்த விகாரைக்குப் பக்கத்தில், நெடுநேரம் நின்றது. லவுட்ஸ்பீக்கரில் பிக்குமார் பிரித் ஓதிக்கொண்டிருந்தார்கள். நல்ல குரல். அவசரமில்லாத, இனிமையான குரல். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மத்தியானத்துக்கு முன்னர் என்னை விட்டுவிட்டார்கள். ஐடென்டிக் காட்டில் ரெஜினோல்ட் என்று பெயர், பிறந்த இடம் கொட்டாஞ்சேனை, வடக்கு இல்லை. எல்லோரையும் விடவில்லை. அந்த முழங்கால்காரன் வீட்டுக்குப் போனானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஸ்கான் மெசினுக்குள் தலை போனதும் கன்வஸ் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

3

என் மகள் டிலானிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் மெல்பேணில் பிறந்தவள். இப்போது மாமிசம் விட்டுவிட்டாள், மலைப்பக்கம் போய் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு வருகிறாள். "பிள்ளை புத்தசமயத்துக்கு மாறிட்டாள் போல கிடக்கு" என்று மனைவி என்னிடம் முதலில் சொன்னபோது, நான் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று கேட்காதீர்கள். கொழும்புத் தமிழனுக்குச் சில வேலைகளைக் கை தானாகச் செய்யும்.

அவளுடைய புத்தசமயத்தில் லவுட்ஸ்பீக்கர் இல்லை. ஒரு மெத்தை, ஒரு சின்ன மணி, போனில் ஒரு ஒஸ்ரேலியக்காரனின் தூங்கி வழிகிற குரல். இரண்டாம் முறை நான் ஓடியது தெரிந்ததும் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, டெய்லி ஒரு இருவது நிமிசம் தியாகம் செய்யுங்கோ."

"அதத்தான் பிள்ளை, நீ பிறந்த நாள் தொட்டுச் செய்யிறன்."

"நோ, அப்பா! சிற் டவுண் பண்ணி, கண்ண மூடி, தியாகம்!"

"அது தியானம், மகள்."

"வட்டெவர். மூச்சப் பாருங்கோ. பயம் வந்தா, வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ. கலைக்க வேண்டாம். நான் டவுணா இருந்த டைமில எல்லாம் அதுதான் என்னைத் தூக்கி விட்டது."

அவளுக்கும் அப்படியான காலங்கள் இருந்தனவா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் காலம் என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவள், "நீங்கள் சிறிலங்காவில நிக்கிறீங்கள், அப்பா. ரெம்பிள் எல்லாம் அங்கதானே! நடந்து போய்க் கேளுங்கோ!" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நடந்து போய்க் கேட்பதாம்.

4

மூன்றாம் முறைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தது. இதிலும் ஓடினால் தன்னைப் பார்க்க வர வேண்டாம் என்று டொக்டர் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றது. அதற்கு முந்திய வெள்ளி பின்னேரம், கிருலப்பனைக்கு ஒரு திரீவீல் பிடித்தேன்.

டிரைவர் மாளிகாவத்தை முஸ்லிம் ஆள், கொழும்பில் 'நானா' என்று கூப்பிடுவோம். பன்சலை என்றதும் கண்ணாடியில் என்னை ஒருக்கால் பார்த்தார்.

"பூ வாங்கலயா சேர்? வெறுங்கையோட போறதா?"

"நான் வேதக்காரன், கிறிஸ்தவன், நானா."

"அதுக்கென்ன, பூவுக்கு வேதம் இருக்கா?" ஒரு கடையடியில் நிறுத்தி, அவரே இறங்கிப் பேரம் பேசி, தாமரை வாங்கித் தந்தார்.

வாய்க்காலுக்குப் பக்கத்தில் சின்னப் பன்சலை. வெள்ளை மணல், அரசமரம், ஒரு நாய். நடுத்தர வயதுப் பிக்கு ஒருவர் வாசலில் நின்று தண்ணீர்க் குழாய் திருத்துகிறவனோடு கதைத்துக்கொண்டிருந்தார். காவியைக் கண்டதும் என் கை சட்டைப்பைக்குப் போனது, ஐடென்டிக் காட்டைத் தேடி. அங்கே ஒஸ்ரேலிய டிரைவிங் லைசென்ஸ்தான் இருந்தது. கால் நூற்றாண்டாகத் துருப்பிடித்த சிங்களத்தைத் திரட்டி, அவருக்கு நேரமிருக்கிறதா என்று கேட்டேன். "ஓயாட்ட வெலாவக் தியெனவாத?"

பின்னால் நின்ற டிரைவர், "அல்லாஹ்!" என்றார். "சேர், ஹாமுதுருவுக்கு 'ஓயா' சொல்லக்கூடாது! பொஞ்சாதிக்குச் சொல்ற சொல்லு அது!"

ஒரு முஸ்லிம் ஒரு கத்தோலிக்கனுக்கு, பிக்குவை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தமிழில் வகுப்பெடுக்க, பிக்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, தான் ஒரு கதிரையில் இருந்து, எனக்குக் கீழே ஒரு பாயைக் காட்டினார். என் தலைக்குள் இருக்கும் நிழலைச் சொன்னேன், ஓடியதைச் சொன்னேன். ஸ்கான் எந்தக் கிழமை, எந்த நாள் என்று ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சதியென் இன்ன, மஹத்தயா. சதியென் ஹிட்டியொத் பயக் நே."

அதற்குள் யாரோ பூசைக்கு வந்துவிட, எழும்பிப் போய்விட்டார்.

5

என் சிங்களம் கவுண்டர்ச் சிங்களம். இளமையில் ஐடென்டிக் காட், பொலிஸ் ரிப்போட், பாஸ்போட் என்று நான் நின்ற கவுண்டர்கள் எல்லாவற்றிலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "சதியகின் என்ன." ஒரு கிழமையால், ஏழு நாள் கழித்து, வா. அங்கே 'என்ன' என்றால் வா. என் பெயரைச் சிங்களத்தில் எழுதத் தெரியாது, ஆனால் 'சதிய' என்றால் ஒரு கிழமை என்பதை நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். என் இளமையே சதிய சதியவாகக் கழிந்ததுதான்.

ஆகவே திரீவீல் ஹை லெவல் ரோட்டுக்கு வருவதற்கிடையில் நான் மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். ஒரு கிழமை இருங்கள், ஐயா. ஒரு கிழமை இருந்துவிட்டால் பயம் இல்லை.

ஒரு கிழமை. அன்று வெள்ளி, அடுத்த வெள்ளி ஸ்கான். நான் நாள் சொல்லவே இல்லையே! முகத்தைப் பார்த்தாரே, அதுவும் எவ்வளவு நேரம் பார்த்தார்! ஒரு கிழமைக்குப் பிறகு பயம் இல்லை என்றால், எந்த மாதிரியான ஆளுக்குப் பயம் இல்லை? முகத்துவாரத்தில் மாதா கோயில் சேமக்காலையில் புதைந்து கிடக்கிற என் மாமாவுக்கும்தான் பயம் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். பிலோ அக்கா அரசாங்கக் கந்தோரில் வேலை செய்து பென்சன் எடுத்தவள். என்னைவிட நல்ல சிங்களம். அவள் தெளிவாக்குவாள் என்று நினைத்தேன்.

"சதியென் எண்டா சொன்னார்? சதியகின் இல்லையா?"

"என்னக்கா வித்தியாசம்?"

"இலக்கணம் பிழை மாதிரிக் கிடக்கு. ஆனா ஹாமுதுருமார் பெரிய சிங்களம் கதைக்கிறவங்கள்." அவள் முகம் மாறியது. "வெள்ளிக்கிழமையோடயா... ஐயோ ரெஜி."

அக்கா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் வரிசையில் நின்று, ஒரு பதக்கம் வாங்கி வந்து என் கழுத்தில் போட்டாள். மற்ற நாட்களில் சமைத்தாள். நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல், இறால் போட்ட முருங்கையிலைச் சுண்டல். தூக்கில் போடப்போகிறவனிடம் கடைசி ஆசை கேட்பதுபோல, "வேற என்ன வேணும்?" என்று ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கேட்டாள். சாவுப் பயம் வந்தால் பசி போய்விடும் என்பவர்கள் அக்காவின் நண்டுக்கறியைத் தின்றதில்லை.

ஆனால் பின்னேரங்களில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் போய் இருப்பேன். அப்போது ஒரு பகிடியும் உதவிக்கு வராது. கால் குளிரும். வெள்ளவத்தை வெயிலில், மெல்பேண் ஆடி மாதத்தைப்போலக் குளிரும். மனைவிக்குப் போன் எடுத்து கராஜ் சாவி இருக்கிற இடத்தைச் சொன்னேன்.

"தெரியும். அதுக்கு ஏன் இப்ப கோல் எடுக்கிறீங்கள்?"

"சும்மாதான்."

"ரெஜி, என்ன நடக்குது அங்க?"

ரயில் ஒன்று வந்தது. அதன் சத்தத்தைச் சாட்டிப் போனை வைத்துவிட்டேன்.

6

வியாழக்கிழமை காலை தாங்க முடியவில்லை. திரும்பவும் கிருலப்பனை. இந்த முறை தாமரை, முழங்கால், கும்பிடு, 'ஹாமுதுருவனே' எல்லாம் சரியாகச் செய்து, தெரிந்த சிங்களத்தில் நேரே கேட்டேன். "நாளைக்கு எனக்கு என்ன நடக்கும்?"

"நாளைக்கா? எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கள்தானே ஒரு கிழமை தந்தீர்கள்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். நான் அவருடைய வசனத்தை அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் கேட்டார், யோசித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். தோளிலிருந்து காவி நழுவும்வரை சிரித்தார். குழாய் திருத்துகிறவன் எட்டிப் பார்த்தான்.

"மஹத்தயா, அது சுமானய இல்லை!" கிழமைக்கு அவர்களிடம் இன்னொரு சொல்லும் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். "இது பாளிச் சொல். சதி என்றால் சிஹிய. நினைவு. கவனம். கவனத்தோடு இருங்கள், கவனத்தோடு இருந்தால் பயமில்லை என்றேன்."

எனக்கு முதலில் வெட்கம், பிறகு ஓர் ஆறுதல், அதன் பின்னால் உடனே பழைய பயம். நாளைக்கு ஸ்கான் என்பது அப்படியேதான் இருந்தது.

"எங்கள் தமிழில் எழுதினால் அதே எழுத்துத்தான்" என்றேன். "ஆனால் சதி என்றால் ஒருவனைக் கவிழ்க்க ரகசியமாகத் திட்டம் போடுவது."

"அதுவும் சரிதானே. மனம் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பயத்துக்குத் தமிழில் என்ன?"

"பயம்."

"சிங்களத்தில் பய. அப்போ அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். உள்ளே கிடக்கும்போது மூச்சோடு இருங்கள். அது வந்தால், பெயரைச் சொல்லுங்கள். பயம். அடிக்கவும் வேண்டாம், உபசரிக்கவும் வேண்டாம். வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும்."

டிலானி சொன்னதேதான். அவளுக்கு மெல்பேணில் கிடைத்தது, எனக்கு வாய்க்கால் கரையில், அதுவும் சுற்றி வந்து. அந்த நேரம் என்ன வந்ததோ, லொறியைச் சொல்லிவிட்டேன். சொல்ல நினைத்து வரவில்லை. கன்வஸ், முழங்கால், பிரித். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் ஜன்னலைச் சாத்துவேன் என்றேன். ஒரு பிக்குவின் முகத்துக்கு நேரே அதைச் சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டேன்.

அவருடைய சிரிப்பு போய்விட்டது. அரசமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அந்தக் காலத்தில் நான் சின்னச் சாமணேரர், பிக்குவாகப் படிக்கிற பிள்ளை. என் அண்ணன் பஸ்ஸில் வேலைக்குப் போவான். ஒவ்வொரு நாளும் குண்டுப் பயம். அவன் வீட்டுக்கு வருமட்டும் அம்மா கதவடியில் நிற்பாள். நாங்கள் பன்சலையில் விடிய எழும்பிப் பிரித் ஓதுவோம்." மரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "பிரித் என்றாலே காவல்தானே, மஹத்தயா. பயம் வந்தவன்தான் ஓதுவான்."

அந்த இனிமையான குரலுக்குப் பின்னால் பயம் இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. லொறி லொறிதான். அதை அவர் இல்லை என்று சொல்லவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு அவர் ஒரு வெள்ளை நூலை எடுத்து, ஓதி, என் மணிக்கட்டில் கட்டினார். அதே பிரித் ஓதல்தான். பயம், என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

7

வெள்ளிக்கிழமை. அறைக்கு வெளியே சங்கிலி, மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்றச் சொன்னாள் அந்தப் பிள்ளை. அந்தோனியார் பதக்கமும்தான்.

"அதை மட்டும் விடு, மகள்" என்று அக்கா சிங்களத்தில் மன்றாடினாள்.

"உலோகம் போகாது, அன்ரி. மெசின் இழுத்திடும். நூலெண்டாப் பரவாயில்லை."

அக்கா என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பதக்கத்தைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். "சரி. நூல் கட்டினவர் உள்ள போகட்டும். நானும் அந்தோனியாரும் வெளியில நிக்கிறம். ரெஜி, ஓடி வந்தியெண்டா இந்த வாசலால விடமாட்டன்."

படுத்தேன். தலைக்கு மேல் கூடு போட்டார்கள். பந்தைக் கையில் வைத்தார்கள். "ஹெலவென்ன எபா, அங்கிள்." உள்ளே போனேன்.

கன்வஸ் இறங்கியது.

மெசின் அடிக்கத் தொடங்கியது, தகரத்தில் துவக்குப் பிடியால் அடிப்பதுபோல. மூச்சைத் தேடினேன், கிடைக்கவில்லை. விரல்கள் பந்தைச் சுற்றி மடங்கின. பயம், என்றேன். பய, என்றேன். இரண்டு மொழியிலும் சொல்லியும் அது போகவில்லை. அதைத் துரத்தும்படி பிக்கு சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. இருக்கட்டும். பயம் வந்திருக்கிறது. மூச்சு போகிறது. பயம் இருக்கிறது. மூச்சு வருகிறது.

அப்போதுதான் நெஞ்சில் அந்த முழங்கால் ஏறியது. இத்தனை வருடமும் நான் அதைத் தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். குளிரில், ரயிலில், லிப்ட்டுக்குள், எல்லா இடத்திலும். அன்றைக்கு அசையக்கூடாது என்பது கட்டளை. தள்ள முடியாது. அதனால்தான் முதல் முறையாக அந்த முழங்காலைக் கவனித்தேன். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரு தம்பி, என்றேன். இடம் இருக்கிறது.

பந்து கையில் இருந்தது. கை விரிந்து இருந்தது.

வெளியே இழுத்தபோது என் காதுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. கண்ணால் வந்ததுதான், துடைக்கக் கை அசைக்கவில்லை. அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து, "நிதாகத்தாத, அங்கிள்?" என்றாள். நித்திரை கொண்டீர்களா என்று. என் குறட்டையைப் பற்றி அவளிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கவுணைப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மரியாதையாக நடந்து வெளியே வந்தேன். அக்கா பதக்கத்தை என் நெற்றியில் வைத்து அழுத்தினாள். கவுண்டரில் ரிசல்ட் எப்போது என்று கேட்டேன். டொக்டர் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறாராம், வந்துதான் படத்தைப் பார்த்துச் சொல்லுவாராம். அங்கே இருந்தவர் கம்பியூட்டரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்:

"சதியகின் என்ன."

அக்கா என் கையைப் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு.

இன்று அதில் நாலாம் நாள். நிழல் என்னவென்று தெரியாது. விடிய ஐந்து மணிக்குப் பக்கத்துப் பன்சலையில் பிரித் தொடங்கும்போது, எழும்பிக் கட்டிலில் நிமிர்ந்து இருக்கிறேன். பயம் வருகிறது. அதன் பெயரைச் சொல்கிறேன். டிலானி கோல் எடுத்தாள், அவளுடைய அந்தக் காலம் எது என்று இந்த முறை கேட்டேன். நெடுநேரம் கதைத்தாள், பாதி இங்கிலீஷில். கடைசியில், "நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள், அப்பா?" என்றாள்.

"சதியில இருக்கிறன், பிள்ளை" என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல்லில் ஒரு அர்த்தம்தான் தெரியும், மெத்தையில் இருந்து படித்தது. "குட், அப்பா" என்றாள்.